சமதள ஆடி, குழியாடி, குவியாடி: பிம்பம் எங்கே தோன்றும் என்று வரைந்தும் அளந்தும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கண்ணாடி தட்டையாக இருந்தாலும் வளைந்திருந்தாலும் அதன்மேல் விழும் ஒளிக்கு விதி ஒன்றுதான். படுகோணமும் (கதிர் வந்து விழும் கோணம்) எதிரொளிப்புக் கோணமும் (அது திரும்பிப் போகும் கோணம்) சமம். படுகதிர், எதிரொளித்த கதிர், கதிர் விழுந்த புள்ளியில் வரைந்த செங்குத்துக் கோடு ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் இருக்கும். உட்பக்கமாகக் குழிந்த குழியாடிக்கு ஒரு விதி, வெளிப்பக்கமாகப் புடைத்த குவியாடிக்கு இன்னொரு விதி என்று தனித்தனியாக மனப்பாடம் செய்யப் போவதால்தான் இந்தப் பாடம் பலருக்கும் சுமையாகிவிடுகிறது. வளைந்த ஆடியில் மாறுவது ஒன்றே ஒன்று: இடத்துக்கு இடம் செங்குத்துக் கோட்டின் திசை. அந்தக் கோட்டைச் சரியாக வரையத் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

கோணத்தை ஆடியின் பரப்பிலிருந்து அளப்பது மிகப் பரவலான தவறு. கதிர் ஆடியின் பரப்போடு 30° சாய்ந்து வந்தால் அதன் படுகோணம் 60°. எப்போதும் செங்குத்துக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும்.

வெள்ளைத் தாளும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். கண்ணுறு ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். பரப்பின் மேடுபள்ளம் இதைவிட மிகச் சிறியதாக இருந்தால் பக்கத்துப் பக்கத்துக் கதிர்கள் ஒழுங்காகத் திரும்புகின்றன, பிம்பம் கிடைக்கிறது. தாளின் இழைகள் இதைப் போலப் பல மடங்கு பெரியவை. ஒவ்வொரு இழையிலும் விதி சரியாகவே நடக்கிறது, ஆனால் செங்குத்துக் கோடுகள் ஆளுக்கொரு திசையில் நிற்பதால் ஒளி சிதறிப்போகிறது.

தேவையான பொருட்கள்

சமதள ஆடிக்கு: 10 செ.மீ. நீளமுள்ள ஆடித் துண்டு, அதை நிமிர்த்தி நிறுத்த ஒரு மரக்கட்டையும் ரப்பர் பேண்டும், குண்டூசிகள் ஆறு, ஊசி குத்தத் தோதான தெர்மாகோல் பலகை, வெள்ளைத் தாள், கோணமானி, அளவுகோல். வளைவு ஆடிகளுக்கு: குவியத் தொலைவு (இணையாக வரும் கதிர்கள் திரும்பியபின் கூடும், அல்லது கூடுவதாகத் தோன்றும், புள்ளியான குவியத்துக்கும் ஆடிக்கும் உள்ள தூரம்) 15 செ.மீ. அளவில் ஒரு குழியாடியும் ஒரு குவியாடியும், ஆடித் தாங்கி, வெள்ளை அட்டைத் திரை, மீட்டர் அளவுகோல், ஒளிரும் பொருள் ஒன்று. மெழுகுவத்தியின் சுடர் ஆடிக்கொண்டே இருப்பதால் கூர்மையைக் கணிப்பது கடினம். கறுப்பு அட்டையில் 2 செ.மீ. உயர அம்புக்குறியை வெட்டியெடுத்து, அந்தத் துளைக்குப் பின்னால் டிரேசிங் தாள் ஒட்டி, அதன் பின்னால் டார்ச் வைத்தால் விளிம்பு துல்லியமாகத் தெரியும். தலைகீழா நேரா என்பதும் பார்த்தவுடன் புரியும்.

குழியாடியை வெயிலில் வைக்காதீர்கள். அதன் குவியத்தில் காகிதம் பற்றிக்கொள்ளும். கண் பட்டால் நிரந்தரப் பாதிப்பு. சோதனை முடிந்ததும் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள்.

சமதள ஆடியில் விதியைச் சரிபார்ப்பது

1. தாளின் நடுவில் ஒரு நேர்கோடு வரையுங்கள். அதன் நடுப்புள்ளியில் செங்குத்துக் கோடு ஒன்று.

2. செங்குத்துக் கோட்டிலிருந்து 30° சாய்வில் ஒரு கோடு வரையுங்கள். இதுதான் படுகதிர். அதன்மேல் இரண்டு குண்டூசிகளைக் குறைந்தது 8 செ.மீ. இடைவெளியில் குத்துங்கள்.

3. ஆடியை முதல் கோட்டின்மேல் நிறுத்துங்கள். செங்குத்துக் கோட்டின் மறுபக்கத்திலிருந்து ஆடிக்குள் பார்த்து, இரண்டு ஊசிகளின் பிம்பங்களும் ஒன்றையொன்று மறைக்கும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுவாருங்கள்.

4. அந்தப் பிம்பங்களோடு ஒரே வரிசையில் வருமாறு மூன்றாம், நான்காம் ஊசிகளைக் குத்துங்கள். ஆடியை எடுத்துவிட்டு, இந்த இரு துளைகளை இணைத்துக் கோட்டை நீட்டுங்கள். கோணத்தை அளந்து பாருங்கள். பிறகு 45°, 60° கோணங்களுக்கும் இதையே செய்யுங்கள்.

பார்க்க வேண்டியது ஊசியின் தலையை அல்ல, அடியை. ஊசி கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அடி நகராது. ஊசிகளை நெருக்கமாகக் குத்தினால் பிழை பெருகும்: 5 செ.மீ. இடைவெளியில் ஓர் ஊசி 1 மி.மீ. விலகினாலே கோணம் 1°-க்கு மேல் பிசகும். நிமிர்ந்து நிற்கும் ஊசியும் அதன் பிம்பமும் ஒன்றுக்கொன்று சாய்வாகத் தெரிந்தால் ஆடி செங்குத்தாக நிற்கவில்லை என்று பொருள்.

இன்னொரு பிழை இருக்கிறது. அதைப் பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. வழக்கமான கண்ணாடியில் பளபளக்கும் பூச்சு பின்பக்கத்தில் இருக்கிறது. ஒளி கண்ணாடிக்குள் நுழைந்து, திரும்பி, வெளியே வருகிறது. நுழையும்போதும் வெளிவரும்போதும் விலகல் அடைவதால், தடிமனை ஒளிவிலகல் எண்ணால் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டும் எண்) வகுத்தால் வரும் ஆழத்தில் ஆடி இருப்பது போல நடக்கிறது. 3 மி.மீ. தடிமனும் 1.5 ஒளிவிலகல் எண்ணும் உள்ள கண்ணாடியில் அந்த இடம் முன்பக்கத்திலிருந்து 2 மி.மீ. ஆகவே முன்விளிம்பைக் கோட்டின்மேல் வைப்பதும் சரியில்லை, பின்விளிம்பை வைப்பதும் முழுக்கச் சரியில்லை. கோடு கண்ணாடித் தடிமனின் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே வருமாறு வைத்தால் அளவுகள் நன்றாகப் பொருந்தும்.

பிம்பம் ஆடிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில்?

ஆடிக்கு முன் 10 செ.மீ. தூரத்தில் ஓர் ஊசி குத்துங்கள். ஆடிக்குப் பின்னால், ஆடியின் மேல்விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும் அளவுக்கு உயரமான இன்னோர் ஊசி. இப்போது தலையை இடமும் வலமுமாக மெல்ல அசையுங்கள். பிம்பமும் பின்னூசியும் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எது தலை போகும் பக்கமே நகர்வதாகத் தெரிகிறதோ அதுதான் தொலைவில் இருக்கிறது. பின்னூசியை முன்னும் பின்னும் தள்ளி, எப்படி அசைந்தாலும் இரண்டும் ஒட்டியே நகரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே அளந்தால் 10 செ.மீ. வரும்.

ஊசியின் ஒளி அந்த இடத்துக்குப் போகவே இல்லை. ஆடியில் பட்டுத் திரும்பிய கதிர்களைப் பின்னோக்கி நீட்டினால் அவை அங்கே சந்திக்கின்றன. கண் நேர்கோட்டை மட்டுமே நம்புவதால், ஒளி அங்கிருந்து புறப்பட்டதாக எடுத்துக்கொள்கிறது. இதுதான் மாயபிம்பம். அங்கே திரையை வைத்தால் ஒன்றும் விழாது. கதிர்கள் உண்மையிலேயே ஒரு புள்ளியில் கூடினால் அது மெய்பிம்பம்; அதைத் திரையில் பிடிக்கலாம்.

இடவல மாற்றம் பற்றி ஒரு சின்னச் சோதனை பல குழப்பங்களைத் தீர்க்கும். ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒரு சொல்லை எழுதி, நீங்கள் நேராகப் படிக்கும்படியே பிடித்துக்கொண்டு ஆடியின் முன் நில்லுங்கள். ஆடியிலும் அந்தச் சொல் நேராகவே தெரியும். இப்போது சாதாரணத் தாளில் எழுதி ஆடியிடம் காட்டுங்கள், எழுத்து புரண்டிருக்கும். தாளை ஆடியின் பக்கம் திருப்பியபோது இடவலத்தைப் புரட்டியது உங்கள் கைதான். ஆடி புரட்டுவது முன்பின்னை மட்டுமே: ஆடியை நோக்கிய உங்கள் மூக்கு, பிம்பத்தில் உங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது.

முழு உருவம் தெரிய எவ்வளவு நீளக் கண்ணாடி வேண்டும் என்பதும் இதே வரைபடத்திலிருந்து வரும். உயரம் 160 செ.மீ., கண் 150 செ.மீ. உயரத்தில் என்றால், பாதம் தெரிய ஆடியின் கீழ்விளிம்பு 75 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். உச்சந்தலை தெரிய மேல்விளிம்பு 155 செ.மீ. உயரத்தில். ஆக 80 செ.மீ., சரியாக உயரத்தில் பாதி. பின்னால் நகர்ந்து நின்றாலும் இந்தக் கணக்கு மாறாது. நீளம் போதாவிட்டால் தள்ளி நின்று சமாளிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை.

ஆடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளித்த கதிர் அதைப் போல இரு மடங்கு திரும்பும். இரண்டு ஆடிகளை 90° கோணத்தில் சேர்த்தால் மூன்று பிம்பங்கள், 60° என்றால் ஐந்து. செங்கோணமாகச் சேர்ந்த மூன்று ஆடிகளின் மூலையில் ஒளி எப்படி நுழைந்தாலும் வந்த திசைக்கே திரும்பிப் போகும். 1969-இல் அப்பல்லோ 11 பயணிகள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் இப்படிப்பட்ட 100 மூலைப் பட்டகங்களால் ஆனது. பூமியிலிருந்து லேசரை அனுப்பி நிலவின் தூரத்தை அளக்க அது இன்றும் உதவுகிறது.

குழியாடி: முதலில் குவியம்

கோளத்தின் ஒரு துண்டுதான் இந்த ஆடி. கோளத்தின் மையம் ஆடியின் வளைவு மையம், கோளத்தின் ஆரம் வளைவு ஆரம். ஆடிப் பரப்பின் நடுப்புள்ளி ஆடி மையம்; அதையும் வளைவு மையத்தையும் இணைக்கும் கோடு முதன்மை அச்சு. ஆடியின் எந்தப் புள்ளியிலும் செங்குத்துக் கோடு வேண்டுமென்றால் அந்தப் புள்ளியை வளைவு மையத்தோடு இணைத்தால் போதும். முதன்மை அச்சுக்கு இணையாக ஒரு கதிரை வரைந்து, அது விழும் புள்ளியில் இப்படிச் செங்குத்துக் கோடு போட்டு, சம கோணத்தில் திருப்பிப் பாருங்கள். அச்சுக்கு அருகிலான கதிர்கள் எல்லாம் ஆடி மையத்துக்கும் வளைவு மையத்துக்கும் நடுவில் அச்சை வெட்டும். அதுவே முதன்மைக் குவியம். குவியத் தொலைவு வளைவு ஆரத்தில் பாதி என்பது இப்படி வந்ததுதான்.

கையில் இருக்கும் ஆடியின் குவியத் தொலைவைத் தோராயமாக அறிய, இருட்டான அறையில் நின்று, ஜன்னலுக்கு வெளியே தொலைவில் தெரியும் மரத்தையோ கட்டடத்தையோ நோக்கி ஆடியைப் பிடியுங்கள். திரையை முன்பின் நகர்த்தி, தலைகீழ்ப் பிம்பம் கூர்மையாகும் இடத்தில் அளந்தால் போதும். ஜன்னல் கம்பியைக் கூர்மையாக்கிவிட்டு அதுவே தொலைதூரப் பொருள் என்று எண்ணுவது இங்கே வழக்கமாக நேரும் பிழை. 15 செ.மீ. ஆடிக்கு 2 மீட்டர் தூரத்துக் கம்பியின் பிம்பம் 16.2 செ.மீ.-இல் விழும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தவறு.

இதைவிடத் துல்லியமானது ஊசி முறை. ஆடியை நிமிர்த்தி வைத்து, அதன் அச்சை ஊசியின் நுனி தொடுமாறு நிறுத்தி, தூரத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் ஊசியும் அதன் தலைகீழ்ப் பிம்பமும் நுனியோடு நுனி தொட்டு, தலையை அசைத்தாலும் பிரியாமல் நிற்கும். அது வளைவு மையம். தூரத்தில் பாதி குவியத் தொலைவு.

கதிர்ப்படம் வரைவது

பொருளின் உச்சியிலிருந்து புறப்படும் கதிர்களில் நான்குக்கு வழி எளிதாகத் தெரியும். அச்சுக்கு இணையாகப் போவது குவியம் வழியே திரும்பும். குவியம் வழியே போவது அச்சுக்கு இணையாகத் திரும்பும். வளைவு மையம் வழியே போவது வந்த வழியே திரும்பும். ஆடி மையத்தில் விழுவது அச்சுக்கு மறுபுறம் அதே கோணத்தில் திரும்பும். இரண்டு வரைந்தால் பிம்பம் கிடைக்கும். மூன்றாவதை வரைந்தால் முதல் இரண்டும் சரியா என்று தெரியும்.

கைக்கு உதவும் ஒரு நுணுக்கம்: ஆடியை ஆழமான வில்லாக வரைந்தால் மூன்று கதிர்களும் ஒரே புள்ளியில் சந்திக்காது, வரைந்தவர் தன் கைமேல் சந்தேகப்படுவார். விதிகள் அச்சுக்கு அருகிலான கதிர்களுக்கானவை. ஆகவே ஆடி மையத்தில் அச்சுக்குச் செங்குத்தாக ஒரு நேர்கோடு போட்டு, கதிர்கள் எல்லாம் அந்தக் கோட்டில் திரும்புவதாக வரையுங்கள். புள்ளி பிசகாது. ஆடியைவிடப் பொருள் உயரமாக இருந்தாலும் கோட்டை நீட்டிக்கொண்டு வரையலாம், இடம் சரியாகவே வரும்.

படத்தில் வரும் இரண்டு கதிர்கள் மட்டுமே பிம்பத்தை உருவாக்குவதில்லை. ஆடியின் ஒவ்வொரு புள்ளியும் முழுப் பிம்பத்துக்கும் ஒளி அனுப்புகிறது. குழியாடியின் பாதியை அட்டையால் மூடிப் பாருங்கள்: திரையில் பிம்பம் பாதியாகாது, மங்கும், அவ்வளவுதான்.

கணக்கு

ஆடிச் சமன்பாடு: 1/பி + 1/பொ = 1/கு. பி என்பது பிம்பத் தொலைவு, பொ பொருள் தொலைவு, கு குவியத் தொலைவு. எல்லாம் ஆடி மையத்திலிருந்து அளந்தவை. படுகதிர் போகும் திசையில் அளந்தால் நேர்க்குறி, எதிர்த் திசையில் எதிர்க்குறி. எனவே பொ எப்போதும் எதிர்க்குறி. குழியாடியின் கு எதிர்க்குறி, குவியாடியின் கு நேர்க்குறி. உருப்பெருக்கம் = –பி/பொ. விடை எதிர்க்குறி என்றால் தலைகீழ், நேர்க்குறி என்றால் நேரான பிம்பம்.

கு = –15 செ.மீ. என்று வைத்துக்கொண்டு பொருளை நெருக்கிக்கொண்டே வருவோம்.

பொருள் 60 செ.மீ.-இல்: பிம்பம் ஆடிக்கு முன் 20 செ.மீ.-இல், தலைகீழாக, மூன்றில் ஒரு பங்கு அளவில்.
பொருள் 30 செ.மீ.-இல், அதாவது வளைவு மையத்தில்: பிம்பமும் 30 செ.மீ.-இல், தலைகீழாக, சம அளவில்.
பொருள் 20 செ.மீ.-இல்: பிம்பம் 60 செ.மீ.-இல், தலைகீழாக, மூன்று மடங்கு.
பொருள் 15 செ.மீ.-இல்: கதிர்கள் இணையாகத் திரும்புகின்றன, பிம்பம் ஈறிலாத் தொலைவில்.
பொருள் 10 செ.மீ.-இல்: பி = +30; ஆடிக்குப் பின்னால் நேரான மாயபிம்பம், மூன்று மடங்கு.

முதலும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று இடம் மாறிய ஜோடி என்பதைக் கவனியுங்கள். ஒளி வந்த வழியே திரும்பவும் போகும் என்பதால் இது எப்போதும் உண்மை. அளவெடுக்கும்போது நல்ல சரிபார்ப்பாகவும் உதவும்.

சோதனை மேசையில் இதைச் செய்யும்போது முதல் தடை, பொருளும் திரையும் ஆடிக்கு ஒரே பக்கத்தில் இருப்பது. திரை பொருளின் ஒளியை மறைக்கும். பொருளை அச்சுக்குச் சற்று இடப்பக்கமும் திரையைச் சற்று வலப்பக்கமும் வைத்து, ஆடியைச் சில டிகிரி மட்டும் திருப்புங்கள். அதிகம் திருப்பினால் அம்புக்குறியின் நெட்டுக்கோடு ஓரிடத்திலும் கிடைக்கோடு வேறோர் இடத்திலும் கூர்மையாகும். இரண்டும் ஒருசேரக் கூர்மையாகவில்லை என்றால் சாய்வைக் குறையுங்கள். பொருள் குவியத்துக்கு உள்ளே இருக்கும்போது திரையை எங்கே நகர்த்தினாலும் வீண்; ஆடிக்குள் கண்ணால் பார்க்க வேண்டும்.

முகம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியிலும் இத்தனை நிலைகளும் உண்டு. குவியத் தொலைவு 40 செ.மீ. என்றால் 20 செ.மீ. தூரத்தில் முகம் நேராக, இரு மடங்காகத் தெரியும். 40 செ.மீ. தாண்டியதும் எல்லாம் கலங்கிப்போகும்: மெய்பிம்பம் உங்கள் தலைக்குப் பின்னால் விழப் பார்க்கிறது, கூடிக்கொண்டு வரும் கதிர்களைக் கண்ணால் குவிக்க முடியாது. 80 செ.மீ. கடந்தால் பிம்பம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும், ஆனால் மிக அருகில். 1 மீட்டர் தள்ளி நிற்கும்போது பிம்பம் கண்ணிலிருந்து 33 செ.மீ. தூரத்தில் அமைகிறது, அப்போதுதான் தலைகீழ் முகம் தெளிவாகும்.

ஓரக் கதிர்களின் தொல்லை

ஆரம் 30 செ.மீ. உள்ள குழியாடியில், அச்சிலிருந்து 3 செ.மீ. உயரத்தில் வரும் இணைகதிர் 14.9 செ.மீ.-இல் அச்சை வெட்டும். கிட்டத்தட்ட 15 செ.மீ.தான். அதே கதிர் 15 செ.மீ. உயரத்தில் வந்தால் 12.7 செ.மீ.-இலேயே வெட்டிவிடும். ஓரக் கதிரும் நடுக் கதிரும் ஒரே இடத்தில் கூடாததால் வரும் இந்த மங்கலுக்குக் கோளகப் பிறழ்ச்சி என்று பெயர். கறுப்புத் தாளில் வட்டத் துளை போட்டு ஆடியின் ஓரத்தை மறைத்தால் பிம்பம் மங்கினாலும் கூர்மை ஏறும். ஒளியையும் இழக்கக் கூடாது, கூர்மையும் வேண்டும் என்றால் ஆடியைப் பரவளைய வடிவில் செய்ய வேண்டும்; அச்சுக்கு இணையான கதிர்கள் எந்த உயரத்தில் வந்தாலும் அது ஒரே குவியத்துக்கு அனுப்பும். பெரிய தொலைநோக்கிகளில் வடிவத்துக்கு எவ்வளவு கண்டிப்பு தேவை என்பதற்கு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி சான்று. 1990-இல் விண்ணுக்குப் போன அதன் 2.4 மீட்டர் முதன்மை ஆடியின் விளிம்பு தேவையானதைவிட ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அந்த அளவுக்கே படங்கள் மங்கின. 1993-இல் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்திச் சரிசெய்தார்கள்.

குவியாடி

இங்கே செங்குத்துக் கோடுகள் வெளிப்பக்கமாக விரிகின்றன. கதிர்களும் விரிந்தே திரும்புகின்றன. பொருளை எங்கே வைத்தாலும் பிம்பம் ஆடிக்குப் பின்னால், குவியத்துக்குள், நேராக, சிறியதாகவே இருக்கும். விரிந்த பரப்பைக் காட்டுவதால் வாகனங்களின் பக்கக் கண்ணாடியாகவும் கடைகளின் மூலைக் கண்ணாடியாகவும் பயன்படுகிறது.

பக்கக் கண்ணாடியில் பின்வரும் வண்டி தூரமாகத் தெரிவதற்கான காரணத்தைக் கணக்கே சொல்லும். கு = +1 மீ., வண்டி ஆடியிலிருந்து 10 மீ., ஓட்டுநரின் கண் ஆடியிலிருந்து 1 மீ. பிம்பம் ஆடிக்குப் பின்னால் 0.91 மீட்டரில், பதினொன்றில் ஒரு பங்கு அளவில் அமைகிறது. பிம்பம் அருகில்தான் இருக்கிறது. ஆனால் கண்ணில் அது விரிக்கும் கோணம், 21 மீ. தூரத்தில் உள்ள வண்டி விரிக்கும் கோணத்துக்குச் சமம். சமதள ஆடியாக இருந்தால் 11 மீ. தூரத்துக்குரிய கோணம் கிடைத்திருக்கும். வண்டியின் உண்மையான அளவு தெரிந்த மூளை, சிறிதாகத் தெரிவதைத் தூரம் என்று கணித்துவிடுகிறது. தடம் மாறும் முன் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

குவியாடியின் பிம்பம் திரையில் விழாததால் அதன் குவியத் தொலைவை அளக்க முடியாது என்று விட்டுவிட வேண்டாம். சமதள ஆடிக்குச் செய்த அதே இரண்டு ஊசிச் சோதனை போதும். முன்னூசியை 60 செ.மீ.-இல் நிறுத்துங்கள். ஆடியின் மேல்விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும் பின்னூசியை, தலையை அசைத்தாலும் பிம்பத்தை விட்டு விலகாத இடம் வரை நகர்த்துங்கள். அது 12 செ.மீ. என்றால் 1/12 – 1/60 = 4/60; கு = +15 செ.மீ. முன்னூசியை 30 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் பின்னூசி 10 செ.மீ.-இல் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால், பெரும்பாலும் பின்னூசியின் தூரத்தை ஆடியின் மையத்திலிருந்து அளக்காமல் பின்னுக்குச் சரிந்திருக்கும் விளிம்பிலிருந்து அளந்திருப்பீர்கள்.